ஆபீஸ் நோட்டில் எழுதாதது

மார்ச் 11, திங்கள்

விடியலில் பனி. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும். கட்டுமரம் ஏற்றும் இடத்துக்கு வடக்கே ஒரு தடம். பங்குனி ஆமை, வருஷா வருஷம் முட்டை போடக் கரையேறும் சாதி. ஏறிய கோடு ஒன்று, இறங்கிய கோடு ஒன்று. குச்சியால் தொட்டேன், மண் இளகிக் கொடுத்தது. முட்டை 106. கூடையில் ஈரமணல் போட்டு எடுத்து வந்து, குஞ்சு பொரிக்க எனக்கு அடைத்துக் கொடுத்த வேலிக்குள் புதுக்குழி. நாலாவது குழி. பிறகு திரும்பிப் போய்த் தடத்தைக் காலால் கலைத்தேன். வேலையில் பாதி இதுதான். தடம் அப்படியே கிடந்தால் முட்டை திருடுகிறவனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி.

பூங்காவனம் தெற்குப் பக்கம். ஒன்றும் கிடைக்கவில்லை அவளுக்கு. நல்லது.

தலையில் எண்ணெய் இல்லை. மருமகளிடம் சொல்ல வேண்டும்.

இந்த நோட்டு வேறு, ஆபீஸ் நோட்டு வேறு. அது வசந்தா கொடுத்தது. வசந்தா எங்களுக்கு மேலே உள்ள வன இலாகா கார்டு. தருமபுரத்துப் பெண், இருபத்தாறு வயது, காக்கிச் சேலை, சைக்கிள். போன வருஷம் காவலுக்குப் போட்ட ஆம்பிளைகள் இரண்டு பேரும் திருடர்களோடு உட்கார்ந்து முட்டையை அவித்துத் தின்றார்கள். அதனால் இந்த வருஷம் பொம்பளைகள், நானும் பூங்காவனமும். ஆபீசில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

பூங்காவனத்துக்கு எழுத்து தெரியாது. எனக்குக் கன்னியாஸ்திரீ அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு வரை, பிரெஞ்சுக்காரன் காலத்தில். அதனால் அவள் பார்த்ததையும் நான்தான் எழுத வேண்டும். "எழுதிக்கோ அக்கா" என்பாள். அவள் கைநாட்டு வைப்பாள்.

அவள் என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. பத்தொன்பது வருஷமாகப் பேச்சு இல்லை, இப்போது வேலைக்கு உண்டான பேச்சு மட்டும். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்றாம் நாள், வீடு நிறைய சனம் அழுதுகொண்டிருக்கும்போது வந்து நின்று, "அக்கா, எங்க பித்தளைக் குண்டானக் குடு" என்று கேட்டவள். கத்தரிப்பூ நிறச் சேலை, முந்தானையில் கிழிசல். தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஊரில் பழைய வழக்கு வந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று பஞ்சாயத்தில் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மார்ச் 13, புதன்

காற்று இல்லை. முதுகில் வேர்க்குரு.

மணியைப் பிடித்தேன். சாராயக்கடைக்கு வறுவல் போடுகிறவன். கையில் குத்துக்கம்பி. மணலில் குத்திக் குத்தி எடுத்து நுனியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"கம்பியக் கீழ போடு."

"என்ன அத்தை, உனக்குக் காக்கிச்சேலை தரலையா?"

"போடுங்கறேன்."

"கம்பி எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? எங்கப்பன் கடைக்குக் கூடை கூடையா கொண்டாந்து கொட்டினவ யாரு? இன்னைக்கு ஆமைக்கு அம்மா ஆயிட்ட."

தெற்கேயிருந்து பூங்காவனம் ஓடி வந்தாள், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு. "எங்கக்காவப் பேசின நாக்க அறுத்து நாய்க்குப் போடுவேன்டா. உங்கப்பன் செத்ததே அந்த முட்டையத் தின்னுதான், ஓடு!" மணி சிரித்துக்கொண்டே போனான், ஆனால் கம்பியைப் போட்டுவிட்டுப் போனான்.

கம்பியை எடுத்துக்கொண்டு என் வேலிக்கு நடந்தேன். அவளை யார் கூப்பிட்டது.

கம்பி நுனியில் மஞ்சள் கரு, மணல் ஒட்டி. எங்கேயோ ஒரு கூட்டைக் குத்தியிருக்கிறான். அந்தக் கரு காய்ந்தால் என்ன வாடை வரும் என்று என் கைக்குத் தெரியும். என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது இதே மாதிரிக் கம்பி என் வீட்டுக் கூரையில் செருகி இருந்தது. இதை வசந்தாவிடம் சொன்னதில்லை. கடலோரத்தில் வளர்ந்ததால் தடம் தெரியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை என் வேலை ஒன்று இருக்கிறது. வசந்தாவுக்கும் தெரியாது, பூங்காவனத்துக்கும் தெரியாது.

குழியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைக்கிறேன். அடியில் இருப்பது மேலே, மேலே இருப்பது அடியில். நாலு குழியும். பிறகு மணலை மூடித் தட்டிவிட்டால் தெரியாது. தை மாசத்திலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லை.

முதல் நாள் வசந்தா சொன்னாள், "எடுத்தது எடுத்த வாக்குல, மேல்பக்கம் மேலயே இருக்கிற மாதிரி வைங்க பெரியம்மா. ஒருதரம் குழியில வச்சிட்டா அசைக்கவே கூடாது." சரி என்றேன். அவள் ஒரு கோழிக்காவது அடை வைத்திருப்பாளா? முட்டையை உருட்டாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோழி தன் அலகாலேயே நாளுக்கு நாலு தடவை உருட்டுகிறது. இந்த ஆமை போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. யார் உருட்டுவது? என் கையில் வைத்த அடை இதுவரை பாழானதில்லை. இப்போதும் வீட்டில் சாம்பல் கோழி பதின்மூன்று முட்டையில் உட்கார்ந்திருக்கிறது.

முன்னே எடுத்துத் தின்ற கை. இந்தக் கையால் நூறு குஞ்சாவது கடலுக்குப் போகட்டும்.

சாயங்காலம் உடம்பு கனகனவென்று இருக்கிறது. காய்ச்சல் போல.

மார்ச் 18, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காய்ச்சல். படுக்கை. மிளகுரசம். இன்றைக்குத்தான் எழுந்து போனேன்.

போனால் பூங்காவனத்தின் வேலிக்குள் மணல் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. முதல் குழி பொரிந்துவிட்டது. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. கறுப்பு, உள்ளங்கை அளவுகூட இல்லை. வசந்தா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூங்காவனம் குலவை போட்டாள், கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆம்பிளைகள்கூட வந்து நின்றார்கள். 92. எல்லாம் அலைக்குள் போயின.

அவளுடைய முதல் குழிக்கு முட்டை எடுத்த அதே விடியலில், தை மாசம், எடுத்ததுதான் என் முதல் குழியும். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

பூங்காவனம் வந்தாள். "நீ படுத்திருந்த ரெண்டு நாளும் உன் வேலியிலயும் நான்தான் நின்னேன். நண்டு வளை தோண்டியிருந்துச்சு, அடைச்சிட்டேன். எழுதிக்கோ அக்கா."

அவளுடையது பொரிந்த நாளில் எனக்கு உபகாரம் செய்ததையும் நானே எழுத வேண்டுமாம். 92 என்று எழுதினேன். நண்டு வளையை எழுதவில்லை. கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 20, புதன்

கொண்டல் காற்று. மணல் கண்ணில்.

என் குழியில் இன்றும் ஒன்றும் இல்லை. அவளுடைய இரண்டாவது குழி மேலே லேசாக அமுங்கியிருக்கிறது, பொரியப்போகிற அடையாளம்.

வசந்தா வந்து கேட்டாள், "உங்களுது ஏன் லேட்டாகுது பெரியம்மா?" கேட்டவள் என் முகத்தைப் பார்த்தாள். என் வேலிக்குள் காற்றுப் படாத ஓரத்தில் பூங்காவனத்தின் காலடி இருந்தது. இடது காலில் சுண்டு விரல் இல்லாத தடம், யாரும் சொல்லிவிடலாம். வசந்தாவும் அதைப் பார்த்தாள்.

நான் சொன்னேன், "அவ வந்து என் குழியக் கெளறினா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க கண்ணால?"

"இந்தக் கண்ணால."

காய்ச்சல் இன்னும் விடவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்றைக்குத் திருப்பவில்லை. ஏனோ.

ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள், விசாரிக்கும் வரை பூங்காவனம் வர வேண்டாம் என்று. வசந்தா அவளிடம் சொல்லும்போது நானும் அங்கேதான் நின்றேன். பூங்காவனம் வசந்தாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ பாத்தியா அக்கா?"

"பாத்தேன்."

"நான் நண்டு வளைய அடைச்சேன்னு எழுதச் சொன்னேனே. அந்தப் பொண்ணுகிட்ட அதப் படிச்சுக் காட்டு."

வசந்தா ஆபீஸ் நோட்டைப் புரட்டினாள். புரட்டிவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்லைங்களே" என்றாள்.

பூங்காவனம் தன் குச்சியை என் வேலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் மகள் புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அவள் புருஷன், என் கொழுந்தன், மூன்று வருஷமாகப் படுக்கை. இந்த வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் உலை ஏறுகிறது.

மத்தியானம் அவளுடைய இரண்டாவது குழி பொரிந்தது. நான்தான் எண்ணினேன். 88. குலவை போட ஆள் இல்லை.

மார்ச் 25, திங்கள்

மேகம். மழை இல்லை.

வசந்தா என் முதல் குழியைத் திறந்தாள். முட்டைகளை வரிசையாகத் துணியில் வைத்து ஒவ்வொன்றாகக் கிழித்தாள். வாடை. உள்ளே கண் வந்திருக்கிறது, கால் வரவில்லை. எல்லாம் அதே அளவில் நின்றுபோயிருக்கிறது. நகம் அளவு. ஓட்டில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு.

"நீங்க சொன்னது சரிதான் பெரியம்மா. முட்டையத் திருப்பியிருக்காங்க."

"திருப்பினா என்ன?"

"கோழிமுட்டை மாதிரி இல்ல இது. வச்ச மறுநாளே கரு மேல்பக்கத்து ஓட்டுல ஒட்டிக்கும். அப்புறம் தலைகீழாத் திருப்பினா அப்படியே செத்துடும். ஒரே ஒருதரம் திருப்பினாப் போதும்."

இரண்டாவது குழியைத் திறந்தாள். மூன்றாவது. நாலாவது. நாலும்.

"முதல் குழி போன வாரம் செத்ததில்ல. தை மாசத்துலயே ஆரம்பிச்சிருக்காங்க. ரொம்ப நாளா வந்து வந்து போயிருக்காங்க அந்தம்மா. நெஞ்சழுத்தம் பாருங்க."

அந்தம்மா என்றது பூங்காவனத்தை. வசந்தா குழி தோண்டிப் புதைத்தாள். நானும் கையால் மண் தள்ளினேன். 431 முட்டை. அவள் சொல்லச் சொல்ல ஆபீஸ் நோட்டில் என் கையாலேயே எழுதினேன், "வேற்றாள் திருப்பியதால் அழிந்தது".

மணியின் கம்பி ஒரு கூட்டைக் குத்தினால் நாலு முட்டை போகும், ஐந்து போகும். மீதி பிழைக்கும்.

மார்ச் 26, செவ்வாய்

வீட்டில் சாம்பல் கோழி பொரித்துவிட்டது. பதின்மூன்றில் பன்னிரண்டு. மருமகள் அண்டை வீட்டுக்காரியிடம், "எங்க அத்தை கைராசி அப்படி. ஆமைமுட்டைய மட்டும் அந்தப் பாவி கெளறாம இருந்திருந்தா…" என்கிறாள். சோற்றைத் தள்ளி வைத்தேன். வாய்க் கசப்பு என்றேன்.

மீன் ஏலத்துக்குப் போனேன், காலா மீன் வாங்கலாம் என்று. பூங்காவனமும் கூடையோடு நின்றாள். வேலை போனதும் மீன் தூக்கி விற்கலாம் என்று வந்திருக்கிறாள். கூடி ஏலம் எடுக்க யாரும் அவளைப் பங்குக்குச் சேர்க்கவில்லை.

"ஆமைமுட்டை எடுத்தவ மீன்ல கைய வச்சா எண்ணிப் பாக்கணும்டி."

"சாராயக்கடைக்குத்தான் போயிருக்கும், வேற எங்க போவும்."

கூடையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் அவளை நிறுத்தி விசாரிக்கப் போகிறார்களாம். சாட்சி நான்.

சாராயக்கடைக்கு விற்றவள் நான். அதை ஏலத்தில் நின்ற கிழவிகளில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. என் ஞாபகத்துக்குப் பயம், அவரவர் பழசு எனக்குத் தெரியும்.

மார்ச் 28, வியாழன்

பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கையில் கோழிமுட்டை ஆறு. வாசலிலேயே அதன் மேல் எனக்கு அருவருப்பு வந்து, வேலியோரம் வைத்துவிட்டு வெறுங்கையோடு நுழைந்தேன்.

அடுப்பில் அந்தக் குண்டான். வாயோரம் ஒடுங்கினது. அதே ஒடுக்கு. கஞ்சி கொதிக்கிறது. கொழுந்தன் மூலையில் படுத்திருந்தார், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"எதுக்கு வந்த?" என்றாள்.

சொல்லத்தான் போனேன். குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இதத்தான் இன்னும் நெஞ்சுல வச்சிருக்கியா? இதுக்காகத்தான் பாத்தேன்னு சொன்னியா?"

"அன்னைக்குக் கேக்கலாமா நீ? பொணம்கூடக் கரை ஒதுங்கல."

"உன் வீட்டுல அடுப்பு எரியக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மூணு புள்ளைங்களும் சுருண்டு கெடக்கு. எங்கிட்ட வேற பெரிய ஏனம் ஏது? இதுல காய்ச்சித்தான் கருமாதி வரைக்கும் ரெண்டு வேளையும் சுமந்துட்டு வந்தேன். உன் சின்னவனுக்கு நான் ஊட்டினேன். யார் கொண்டாந்தான்னு நெனச்ச நீ?"

கஞ்சி வந்தது ஞாபகம் இருக்கிறது. உப்புப் போடாத கஞ்சி, சுடச்சுட. கொண்டுவந்த கை ஞாபகம் இல்லை. கத்தரிப்பூச் சேலை ஞாபகம் இருக்கிறது, கிழிசல் ஞாபகம் இருக்கிறது, கஞ்சி யாருடையது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நினைத்ததில்லை.

"வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேலியோரம் முட்டை இல்லை, காக்கையோ நாயோ.

மார்ச் 30, சனி

ஆபீஸ் நோட்டில் எழுதினேன். மூன்று தடவை அடித்து எழுதினேன். கடைசியில் எழுதியது:

"நாலு குழி முட்டையும் திருப்பியது நான். தை முதல் வெள்ளிதோறும். பூங்காவனம் திருப்பவில்லை. நான் பார்த்ததாகச் சொன்னது பொய். மார்ச் 16, 17 என் வேலியில் நண்டு வளை அடைத்தாள். எழுதச் சொன்னாள். எழுதவில்லை. அஞ்சலை."

வசந்தா ஏழு மணிக்கு வந்தாள். நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் பெரியம்மா?"

"கோழி மாதிரின்னு நெனச்சேன்."

"அது சரி. அந்தம்மா மேல ஏன் சொன்னீங்க?"

குச்சியால் மணலைக் கீறிக்கொண்டிருந்தேன்.

வசந்தா நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள், "இத ஆபீஸ்ல காட்டினா உங்க வேலை போயிடும். பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்னு பேசுவாங்க, அடுத்த வருஷம் ஆம்பளைங்களையே போட்டாலும் போடுவாங்க. நான் கிழிச்சிடட்டுமா? பூங்காவனம்மா மேல தப்பில்லைன்னு மட்டும் நானே எப்படியாவது சொல்லிக்கிறேன்."

ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. எழுதிவைக்கிறேன். ஒரு நிமிஷம் முழுசாக, கிழித்துவிடேன் என்று இருந்தது.

"கிழிக்காத" என்றேன்.

மார்ச் 31, ஞாயிறு

பஞ்சாயத்து. சாயங்காலம், கோயிலுக்கு முன்னால். பொம்பளைகள் தள்ளி நிற்கிற இடத்திலிருந்து நடுவுக்கு வரச் சொன்னார்கள், சாட்சி சொல்ல. உள்ளதைச் சொன்னேன். பூங்காவனத்தைப் பற்றி, குழியைப் பற்றி. கூரையில் இருந்த கம்பியைப் பற்றியும் சொன்னேன், யாரும் கேட்காமலே. மணி பின்னாலிருந்து கைதட்டினான்.

ஊர்ப் பெரியவர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். "இத்தன காலமும் உன் ஞாபகத்த வச்சு எத்தன வழக்குத் தீத்திருக்கோம் அஞ்சலை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இனிமே உன்னக் கூப்பிட மாட்டோம்" என்றார்.

அவ்வளவுதான். பூங்காவனம் நான் சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சேலையை உதறிக்கொண்டு போனாள். மருமகள் வழியெல்லாம் எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள்.

ஏப்ரல் 1, திங்கள்

வேலை இல்லை. வசந்தா வந்து குச்சியையும் கூடையையும் வாங்கிக்கொண்டு போனாள். பூங்காவனம் நாளையிலிருந்து வருகிறாளாம், வடக்கு, தெற்கு இரண்டும் அவளே. பங்குனி முடியும்வரை தடம் வரும். அடுத்த வருஷம் பற்றி ஆபீசில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

விடியலில் தானாக விழிப்பு. எங்கே போவது. கோழிக்குஞ்சுகளுக்கு நொய் போட்டேன். ஒன்று நொண்டுகிறது.

ஏப்ரல் 3, புதன்

பனி விட்டுவிட்டது, விடியலிலேயே உறைக்கிறது. அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் பூங்காவனம். முழங்கால்வரை ஈரமணல், கையில் குச்சி, கக்கத்தில் ஆபீஸ் நோட்டு. உள்ளே வரவில்லை. உட்காரவில்லை. நோட்டை என் முன்னால் போட்டாள்.

"தடம் ஒண்ணு. முகத்துவாரத்துக்கு இந்தாண்ட. முட்டை நூத்திப் பதினாலு. எடுத்த வாக்குல வச்சிருக்கு. எழுது."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

எழுது என்றாள். எழுதிக்கோ அக்கா என்று சொல்லவில்லை.